அஞ்சு மணிக்கு மாவரைக்கிறீங்களா?

கீழ்வீட்டு சார் படியேறி வந்து காலிங் பெல் அடித்தபோது மணி ஆறரை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வாசலில் நின்று, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் அஞ்சு மணிக்கு மாவரைக்கிறீங்களா? கடைக்குச் சப்ளை ஏதாவது...?" என்று இழுத்தார்.

தலையிலிருந்து கால் வரை வியர்வை சொட்ட, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன் நான். எனக்குப் பின்னால் கூடத்தில் சைக்கிள். பின்சக்கரம் தரையில் படாமல் ஒரு இரும்புக் கவட்டையில் தூக்கி நிறுத்தியிருந்தது. எட்டிப் பார்த்தவர் "ஓ, இதானா" என்றார். கிரைண்டராக இருந்திருந்தால் மன்னித்திருப்பார் போல.

சென்னையில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு சோதனைக் காலம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் எது பள்ளம், எது சாலை என்று தெரியாது. விடியற்காலை இருட்டில் அந்தத் தண்ணீருக்குள் 25 மி.மீ டயரை இறக்குவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தால் திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவதோடு சரி, வார நாட்களில் ஒன்றும் கிடையாது. ஜனவரியில் ஒரு 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு மாதம் கால் சும்மா இருந்தால் அது நடக்காது. அதனால் வெளிநாடு போகிற ஒருவரிடம் பழைய ஸ்மார்ட் ட்ரெய்னர் ஒன்றை, அதாவது சைக்கிளை வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியை, 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பின்சக்கரத்தைக் கழற்றாமல், டயரை ஒரு சின்ன ரோலரின் மேல் அழுத்தி ஓட்டும் வகை.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராக ட்ரெய்னரிலேயே இருக்கும் கேசட்டில் (பின் பல்சக்கர அடுக்கு) மாட்டும் வகையும் உண்டு. சத்தம் குறைவு, டயர் தேயாது, எவ்வளவு சக்தியோடு மிதிக்கிறோம் என்று காட்டும் வாட் கணக்கும் நம்பகமானது. விலை மூன்று மடங்கு. கையில் பணம் இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். என்னிடம் இல்லை.

மாட்டும்போது முதல் தடங்கல் பின் அச்சில் வந்தது. சைக்கிளோடு வந்த, சக்கரத்தைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் க்விக் ரிலீஸ் கம்பியின் முனை ட்ரெய்னரின் குழியில் சரியாக உட்காரவில்லை, கொஞ்சம் சாய்ந்தே நின்றது. ட்ரெய்னருக்கென்று முழு ஸ்டீலில் ஒரு கம்பி வரும். பழைய உரிமையாளர் அதைத் தொலைத்துவிட்டார். "பரவாயில்லை, பிடிக்குது" என்று இரண்டு நாள் ஓட்டினேன், மூன்றாம் நாள் எழுந்து நின்று மிதித்தபோது சைக்கிள் இடதுபக்கம் துள்ளியது. அன்றைக்கே ஸ்டீல் கம்பி வாங்கிப் போட்டேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். த்ரூ ஆக்ஸில் (திருகி மாட்டும் தடித்த அச்சு) சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

அடுத்து டயர். ரோலரில் ஓடும் டயர் சூடாகி, கறுப்புப் பொடியாக உதிரும். நல்ல டயரை அதில் தேய்ப்பது பாவம். எப்படியும் தூக்கிப் போட வேண்டிய பழைய டயர் ஒன்று பால்கனியில் கிடந்தது, அதை மாட்டினேன். தினமும் ஓட்டுவதற்கு முன்னால் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ. கூடக்குறைய இருந்தால் ரோலரில் பிடிமானம் மாறும், பிடிமானம் மாறினால் வாட் கணக்கும் மாறும். ரோலர் டயரைத் தொட்டதும் திருகை இரண்டு சுற்று இறுக்குகிறேன். அது போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கையால், ரோலரோடு சேர்ந்து சுழலும் ட்ரெய்னரின் கனச்சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டயரை வெடுக்கென்று இழுங்கள். டயர் ரோலர்மேல் வழுக்கினால் இன்னும் கால் சுற்று. பத்து நிமிடம் ஓட்டிச் சூடானபிறகுதான் காலிப்ரேஷன், அதாவது வாட் கணக்கைச் சரிபார்ப்பது. குளிர்ந்த டயரில் செய்தால் பொய்க் கணக்கு வரும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்ட பெருமையில் இருந்தபோதுதான் சார் பெல் அடித்தார்.

முதலில் யோகா பாயை விரித்தேன். பயனில்லை. அப்புறம் குழந்தைகள் விளையாடும் ஒன்றோடொன்று கோக்கிற ஃபோம் பாய். ட்ரெய்னர் நிற்பது நான்கு ரப்பர்க் காலில். என் 74 கிலோவும் சைக்கிளும் ட்ரெய்னரும் சேர்ந்து அந்த நான்கு புள்ளியில் அமுக்கியதில் ஃபோம் அப்பளமாகிவிட்டது. கீழே சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. நான் என் வீட்டில் கேட்கும் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறேன். அவர் வீட்டில் என்ன கேட்கிறது என்று போய்ப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை மாலை மனைவியைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் கீழே போனேன். சார் காபி கொடுத்தார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் வீட்டில் காதைக் குடைகிற டயர் விசில் அங்கே துளியும் இல்லை. செயின் சத்தமும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. 'ங்ங்ங்' என்று அடிவயிற்றில் கேட்கிற ஒரு ரீங்காரம் மட்டும்தான். ஷோகேஸில் இருந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று அதற்குத் தாளம் போட்டது. காற்று வழியாக எதுவும் வரவில்லை. தளத்தின் கான்கிரீட்டே அதிர்ந்துகொண்டிருந்தது.

சார் தினசரிக் காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டார். "முன்னாடி எத்தனை பல்லு?" ஐம்பது. "பின்னாடி?" பதினேழு. "நிமிஷத்துக்கு எத்தனை மிதி?" எண்பத்தைந்து. "சக்கரத்துச் சுத்தளவு?" இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். "அந்த ரோலர் எவ்வளவு தடிமன்?" மூன்று சென்டிமீட்டர். பென்சில் ஓடியது. சக்கரம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரோலர் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல்.

"தம்பி, அஞ்சாயிரத்து ஐந்நூறு சுத்து சுத்தினா அம்மிக்கல்லும் ஆடும். சின்னப் பல்லுக்கு மாத்த முடியாதா?"

முடியும். அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கம். ஸ்மார்ட் ட்ரெய்னரில் 150 வாட் என்று வைத்துவிட்டால் எந்தக் கியரில் மிதித்தாலும் 150 வாட்டுக்கு ஏற்ப அதுவே பாரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வேகமாகச் சக்கரத்தைச் சுழற்றுவதால் பயிற்சிக்கு ஒரு லாபமும் இல்லை. முன்னால் 34 பல்லுக்கு இறக்கினால் அதே 85 மிதியில் சக்கரம் 21 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும், ரோலர் 3,800 சுற்றுக்கு. சுழலும் பொருளின் எடை ஒரு பக்கம் துளி கூடக்குறைய இருப்பதால் வரும் உதறல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், வேகம் மூன்றில் இரண்டானால் உதறல் பாதிக்கும் கீழே. மேலே போன் செய்து கியரை மாற்றச் சொன்னேன். கிண்ணம் தாளத்தை நிறுத்தியது. ரீங்காரம் இருந்தது, ஆனால் பேசினால் மறைந்துபோகிற அளவுக்கு. பத்துப் பைசா செலவில்லை.

ரொம்பவும் இறக்கக் கூடாது. சக்கரம் மெதுவாகும்போது அதே வாட்டுக்கு ரோலர் இறுக்கிப் பிடிக்கும், 200 வாட்டுக்கு மேல் டயர் வழுக்க ஆரம்பிக்கிறது. என் ட்ரெய்னரில் 34க்கு 17 சரியாக இருக்கிறது.

மீதி ரீங்காரத்துக்கு இடம் பார்த்தேன். கூடத்தின் நட்டநடுவில் ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தேன். தளம் அதிகமாக அதிர்வதும் அந்த நடுவில்தான். நான்கு பக்கமும் பீம் தாங்குகிற கான்கிரீட் தளம் அது, நடுவில்தான் எளிதில் துள்ளும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மனைவி மிதிக்க மிதிக்க டம்ளரைத் தரையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நடுக்கூடத்தில் ட்ரெய்னரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் தண்ணீரில் வட்ட வட்டமாகப் பொடி அலை. ட்ரெய்னரைச் சமையலறைச் சுவரோரம், பீமுக்கு நேர் மேலே நகர்த்திவிட்டு அதே இரண்டடியில் டம்ளரை வைத்தேன். குனிந்து, லைட் வெளிச்சம் தண்ணீரில் விழுகிற கோணத்தில் உற்றுப் பார்த்தால்தான் அலை தெரிந்தது. பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள், அங்கே துருத்திக்கொண்டிருக்கும்.

கடைசியாகப் பலகை. கார்பெண்டர் கடையில் மிச்சமாகக் கிடந்த 19 மி.மீ பிளைவுட் துண்டு, இரண்டடிக்கு ஆறடி. முன்சக்கரமும் அதன் மேலேயே வந்தால்தான் சைக்கிள் சமமாக நிற்கும். பலகைக்கு மேல் தடித்த ரப்பர் பாய், கீழே வாஷிங் மெஷினுக்கு வைக்கும் ரப்பர்க் குமிழ்கள். இங்கே ஒரு தப்புச் செய்தேன். நிறைய வைத்தால் நிறைய உறிஞ்சும் என்று பன்னிரண்டு குமிழ் வைத்தேன். கீழே சத்தம் கூடிவிட்டது. எடையைப் பன்னிரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஒன்றும் அமுங்காது, அமுங்காத ரப்பர் கல்லுக்குச் சமம். ஆறாகக் குறைத்ததும் ஒவ்வொன்றும் நன்றாக அமுங்கி அதிர்வை வாங்கிக்கொண்டது. மிதிக்கும்போது பலகை கொஞ்சம் ஆடுகிறது. இடுப்புக்கு அது நல்லதாகவே இருக்கிறது, அசையாமல் பூட்டிய சைக்கிளில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் சீட் வலி உயிர் போகும்.

ட்ரெய்னர் பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் முன்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் போகிற மாதிரி உடல் எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். கடையில் அதற்கென்று பிளாஸ்டிக் கட்டை விற்கிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து மணை ஒன்று இருந்தது, உயரம் கச்சிதம். கல்யாணத்துக்கு உட்காருகிற மணையில் டயரை வைக்கிறாயே என்று அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

சார் இப்போது "ஃபேன் ஓடுற மாதிரி இருக்கு" என்கிறார். ஆரம்பிக்கும் நேரத்தை ஐந்தரைக்குத் தள்ளிவிட்டேன். அவர் வாக்கிங் கிளம்பும் நேரம் அது.

சத்தம் தீர்ந்ததும் அடுத்த எதிரி கண்ணில் பட்டது. மிதிக்கிற உடம்பு செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. 150 வாட் மிதித்தால் 450 வாட்டுக்கு மேல் உடம்பு அடுப்பாக எரிகிறது. சாலையில் போகும்போது முகத்தில் அடிக்கிற காற்று அதைக் கொண்டுபோய்விடும். நவம்பர் மாதச் சென்னையில், மூடிய கூடத்தில், காற்றே ஈரத் துணியாகத் தொங்கும்போது வியர்வை காய்வதில்லை, சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

சீலிங் ஃபேன் மட்டும் போட்டு ஓட்டிய நாட்களில் அதே 130 வாட்டுக்குப் பத்தாவது நிமிடம் 140 ஆக இருந்த இதயத் துடிப்பு நாற்பதாவது நிமிடத்தில் 158. கால் களைக்கவில்லை, உடம்பு வெந்துகொண்டிருந்தது. பெடஸ்டல் ஃபேன் ஒன்றை ஹேண்டில்பாருக்கு முன்னால் நாலடியில், நெஞ்சு உயரத்துக்குத் திருப்பி முழு வேகத்தில் வைத்தேன். அதே வாட், அதே நிமிடம், 147. ட்ரெய்னர் வாங்கக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஃபேனுக்கு முதலில் பணம் எடுத்து வையுங்கள், ஆப் சந்தா அப்புறம். ட்ரெய்னரில் மிதிக்க மிதிக்கத் திரையில் சாலை ஓடுகிற ஸ்விஃப்ட் ஆப்பில் (கார் இல்லை) பிரெஞ்சு மலைச் சாலையை அப்படியே நகலெடுத்து 21 கொண்டை ஊசி வளைவு வைத்திருக்கிறார்கள். கத்திப்பாரா மேம்பாலத்தையே மலையாக நினைத்து ஓட்டுகிற நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் காற்றில்லாத அறையில் மூன்றாவது வளைவிலேயே கண் இருட்டும்.

ஓட்டுமுன் 74.2 கிலோ, ஒரு மணி நேரம் ஓட்டியபின் 73.1, நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறேன். ஆக ஒன்று புள்ளி ஆறு லிட்டர் வியர்வை. இப்போது உப்பும் எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட தண்ணீர் ஒரு பாட்டில், வெறும் தண்ணீர் ஒரு பாட்டில். முடித்தபின் நீர்மோர்.

அந்த ஒன்று புள்ளி ஆறு லிட்டர் எங்கே போகிறது? சைக்கிள் மேல். எட்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆருக்குக் கிளம்பும்போது ஹேண்டிலைத் திருப்பினால் 'கரக் கரக்' என்றது, மணல் அரைக்கிற மாதிரி. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இணைக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளின் தலை பழுப்பேறிக் கிடந்தது. சாலையில் மழையில் நனைந்தால் மழைநீர், கழுவிவிடும். இது உப்புத் தண்ணீர். தினமும் அதே இடத்தில் சொட்டி, அங்கேயே காய்கிறது.

பிரித்தேன். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டில் ஒன்று எளிதாக வந்தது. இன்னொன்றில் எல்-கீ ஒரு முறை வழுக்கியது, இரண்டாம் முறை வழுக்கும்போது உள்ளே இருந்த ஆறுமுகக் குழி வட்டமாகிவிட்டது. மூன்றாம் முறை முயற்சி செய்யாமல் நிறுத்தினேன், அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். துரு நீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். மறுநாள் நட்சத்திர முனை டி25 பிட்டை அந்த 4 மி.மீ குழியில் வைத்துச் சுத்தியலால் நிதானமாக மூன்று தட்டு. டி25 நாலு மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன் என்பதால் சுவரைக் கவ்விக்கொண்டு உள்ளே இறங்கும். ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்ததா, விட்டதா என்று ஒரு நொடி தெரியவில்லை. விட்டிருந்தது.

ஸ்டெம்மின் மேல் மூடியைக் கழற்றும்போது ஃபோர்க்கை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், நழுவித் தரையில் விழும். ஹேண்டில் திரும்ப உதவும் இரண்டு பேரிங்கில், மேல் பேரிங்கின் ஓரமெல்லாம் துருச் சேறு. விரலில் வைத்துச் சுற்றினால் ஒரு இடத்தில் நின்று நின்று போனது, அது குப்பைக்கு. கீழ் பேரிங் புத்தம்புதிதாக இருந்தது, வியர்வை அவ்வளவு தூரம் போகவில்லை. மேலே மட்டும் புதிது வாங்கி, உட்காரும் குழியைத் துடைத்து, கிரீஸ் தாராளமாக அப்பி மாட்டினேன். மேல் மூடி போல்ட் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும், ஃபோர்க்கைப் பிடிப்பது ஸ்டெம் போல்ட்டுகள்தான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் தட்டு கேட்கக் கூடாது, ஹேண்டில் தன் எடையிலேயே திரும்பவும் வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டெம் போல்ட்டுகளை மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன்.

ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோதுதான் வயிறு கலங்கியது. அலுமினியத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்த்தேன். என்னுடையதில் மேற்பரப்பு சொரசொரப்போடு நின்றிருந்தது, குழி இல்லை. நகம் மாட்டுகிற குழி இருந்தால் விவாதமே வேண்டாம், பார் மாற்றிவிடுங்கள். மேம்பால இறக்கத்தில் கையோடு வரும் பொருள் அது.

இப்போது பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, ஹேண்டில்பார் நடுவிலிருந்து சீட் கம்பம் வரை தொட்டில் மாதிரிக் கட்டுகிறேன். முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. போல்ட் தலைகளில் ஒரு விரல் கிரீஸ்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வாரம் இருபது நிமிடம் முழுமூச்சாக மிதித்ததில் சராசரி 198 வாட், அதில் 95 சதவீதமான 188தான் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட் என்று வைத்துக்கொண்டு மற்ற எண்களைக் கணக்கிட்டேன். வாரத்தில் மூன்று நாள். இரண்டு நாள் 105லிருந்து 141 வாட்டுக்குள், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் ஒரு மணி நேரம். ஒரு நாள் மட்டும் 165லிருந்து 177க்குள் பதினைந்து பதினைந்து நிமிடமாக இரண்டு சுற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நிற்பது கட்டாயம். எட்டு வாரம் கழித்து அதே சோதனையில் 209. இந்த வகை ட்ரெய்னர் காட்டும் வாட்டை நண்பனின் வாட்டோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள், அதே டயர், அதே காற்று, அதே திருகு என்று உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பதினொரு வாட் கூடியதைச் சாரிடம் சொன்னேன். "எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டு அவரே "அஞ்சரை" என்றார்.

சீட் கம்பத்தை இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. பின்னந்தொடை வழியாக இறங்குகிற வியர்வை நேராக அங்கேதான் போகிறது, அலுமினியக் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. சனிக்கிழமைக்கு எண்ணெயும் டி25 பிட்டும் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். சுத்தியல் சத்தம் வரும் என்று கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது.